ஹார்ட் டிஸ்க் விலைக்கு எஸ்எஸ்டி எப்போது இறங்கும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: "இன்னும் இரண்டே வருடத்தில் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே விலைக்கு வந்துவிடும்" என்று பத்து வருடமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். உண்மையில் எப்போதுதான் வரும்?

பதில்: பாதி வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு நீங்கள் இன்னும் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கும். இது முரணாகத் தோன்றலாம். கொள்ளளவைச் சொல்லாமல் விலையை மட்டும் ஒப்பிட்டால் இந்தக் கேள்விக்கு விடையே கிடைக்காது, அதனால்தான் அந்த "இரண்டு வருடம்" தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் உள்ளே மோட்டார், தரவைக் காந்தப் புள்ளிகளாகத் தாங்கிச் சுழலும் தட்டு, தட்டின் மேல் நகரும் கை, கையின் நுனியில் எழுதவும் படிக்கவும் ஹெட், இதையெல்லாம் தூசு புகாமல் காக்கும் உலோகப் பெட்டி, அடியில் ஒரு சர்க்யூட் பலகை என்று எவ்வளவோ இருக்கும். உங்களுக்கு 100 ஜிபிதான் வேண்டும் என்றாலும் இத்தனையும் வேண்டும். ஆகவே புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு அடிமட்ட விலை என்று ஒன்று இருக்கிறது, 2023 வாக்கில் அது ஏறக்குறைய 40 டாலர். அதற்குக் கீழே இறக்கினால் தயாரிப்பவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் மோட்டாரும் பெட்டியும் ஏற்கெனவே இருக்கும்போது இரண்டாவது தட்டு, ஐந்தாவது தட்டு, பத்தாவது தட்டு என்று சேர்த்துக்கொண்டே போக ஆகும் கூடுதல் செலவு அவ்வளவு இல்லை. எஸ்எஸ்டி இதற்கு நேர் எதிர். அதில் சுழலும் பாகமே இல்லை, தரவைச் சேமிப்பது ஃப்ளாஷ் எனப்படும் சிப். விலையில் பெரும்பகுதி அந்தச் சிப்புக்குத்தான். பாதிச் சிப் போட்டால் கிட்டத்தட்ட பாதி விலை, இரண்டு மடங்கு போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை.

அதனால் எஸ்எஸ்டி சின்னக் கொள்ளளவில் தொடங்கித்தான், படிப்படியாகப் பெரிய கொள்ளளவுகளில் ஹார்ட் டிஸ்க்கின் விலையை எட்டிப் பிடித்து வருகிறது. 2010 வாக்கில் ஒரு ஜிபி எஸ்எஸ்டிக்கு 2 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது, ஹார்ட் டிஸ்க்கில் அதே ஒரு ஜிபி 10 சென்ட்டுக்கும் குறைவு. அப்புறம் 128 ஜிபி, 256 ஜிபி, 512 ஜிபி என்று ஒவ்வொரு படியாக எஸ்எஸ்டி மலிவாகிக்கொண்டே வந்தது. 2023 நடுவில் 1 டிபி (ஆயிரம் ஜிபி) எஸ்எஸ்டியும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் ஏறக்குறைய ஒரே விலையில், 40 டாலர் அளவில் நின்றன. லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் காணாமல் போனதற்கு வேகம் ஒரு காரணம், இந்தக் கணக்கு இன்னொரு காரணம். ஹார்ட் டிஸ்க் விற்பனை உச்சத்தில் இருந்த 2010இல் உலகம் முழுக்க சுமார் 65 கோடி டிஸ்க்குகள் விற்றன. இன்று அதில் கால் பங்குகூட இல்லை.

சரி, 20 டிபி, 30 டிபி பக்கம் போனால்? அங்கே ஒரு டிபிக்கு எஸ்எஸ்டி இன்னும் பல மடங்கு விலை. தரவு மையங்களுக்கான ரகங்களில் அதற்கும் மேல். இந்த இடைவெளி மூடுமா என்பது எஸ்எஸ்டி விலை குறைகிறதா என்பதை மட்டும் பொறுத்ததில்லை, ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமாகக் குறைகிறதா என்பதைப் பொறுத்தது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று ஆறு மடங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். எஸ்எஸ்டி ஆண்டுக்கு 20 சதவீதமும் ஹார்ட் டிஸ்க் 10 சதவீதமும் குறைந்தால் இரண்டும் சமமாக 15 ஆண்டு ஆகும். எஸ்எஸ்டி 30 சதவீதம் குறைந்தால் ஏழே ஆண்டு. இரண்டும் ஆளுக்கு 15 சதவீதம் குறைந்தால் ஒருபோதும் இல்லை, ஆறு மடங்கு ஆறு மடங்காகவே நிற்கும். "இரண்டு வருடம்" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எஸ்எஸ்டி விலை செங்குத்தாக இறங்கிய ஓர் ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: ஃப்ளாஷ் சிப்பில் இப்போது 300 அடுக்குக்கு மேல் வந்துவிட்டது என்கிறார்கள். 24 அடுக்கில் ஆரம்பித்தது. அப்படியானால் விலையும் பத்து மடங்குக்கு மேல் குறைந்திருக்க வேண்டுமே?

பதில்: மிக நல்ல கேள்வி, எதிர்கால விலையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பேன்.

கொஞ்சம் பின்னால் போவோம். எஸ்எஸ்டியில் இருக்கும் நேண்ட் வகை ஃப்ளாஷைக் கண்டுபிடித்தவர் தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா, 1987இல் அதை வெளியிட்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள் விலையைக் குறைக்க ஒரே வழிதான் இருந்தது: செல்லை, அதாவது தரவை எலக்ட்ரான்களாகத் தாங்கும் நுண்ணிய அறையை, சின்னதாக்கு, அதே சிலிக்கான் தகட்டில் கூடுதலாக அடை. 15 நானோமீட்டர் அளவுக்கு வந்ததும் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒரு செல்லில் தங்கும் எலக்ட்ரான்கள் மிகச் சிலவாகி, பக்கத்து செல்கள் ஒன்றையொன்று குழப்ப ஆரம்பித்தன. நிலம் தீர்ந்தால் மாடி கட்டுவது போல 2013இல் சாம்சங் செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த 24 அடுக்குச் சிப்பைக் கொண்டுவந்தது. 2024இல் எஸ்கே ஹைனிக்ஸ் 321 அடுக்குக்குப் போனது.

ஆனால் மாடி கட்டுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். இங்கே அடுக்குகளையெல்லாம் முதலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்துவிட்டு, மேலிருந்து அடிவரை மெல்லிய துளைகளைக் குடைகிறார்கள், அந்தத் துளைக்குள்தான் செல்கள் உருவாகின்றன. முடியைவிடப் பல மடங்கு மெல்லிய துளை, ஆழமாகப் போகப் போக வளையக்கூடாது, அடியில் சுருங்கவும் கூடாது. 300 அடுக்கை ஒரே மூச்சில் குடைய முடியாததால் இரண்டு மூன்று கட்டமாகக் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் தனியாகக் குடைந்து, மேல்துளையும் கீழ்த்துளையும் நேராகப் பொருந்தும்படி இணைக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் படியவைக்கும் இயந்திரத்தில் நேரம் பிடிக்கிறது. அடுக்கு இரட்டிப்பானால் அந்தத் தகடு தொழிற்சாலைக்குள் இருக்கும் காலமும் நீள்கிறது, அதனால் செலவு பாதியாவதில்லை, ஏதோ கொஞ்சம் குறைகிறது. இன்னொன்று, முதல் 24 அடுக்குச் சிப்பில் செல்கள் பழைய தட்டைச் சிப்பைவிடப் பெரியவை. ஆகவே ஆரம்ப அடுக்குகளில் ஒரு பகுதி, இழந்த நிலத்தை ஈடுகட்டவே போய்விட்டது.

அடுத்து, ஒரு செல்லுக்குள் எத்தனை பிட் (0 அல்லது 1) என்ற கணக்கு. ஒரு பிட் என்றால் செல்லில் 2 மின்னழுத்த நிலை, இரண்டு பிட்டுக்கு 4, மூன்றுக்கு 8, நாலுக்கு 16. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனபோது கொள்ளளவு 100 சதவீதம் கூடியது. இரண்டிலிருந்து மூன்றுக்கு 50, மூன்றிலிருந்து நாலுக்கு 33. அடுத்து ஐந்துக்குப் போனால் 25 சதவீதம்தான், ஆனால் பிரித்தறிய வேண்டிய நிலைகள் 32 ஆகிவிடும். கிடைக்கும் லாபம் ஒவ்வொரு முறையும் சுருங்குகிறது, சிரமம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது. அழித்து எழுதும் ஆயுளும் குறைகிறது: ஒரு பிட் செல் சுமார் ஒரு லட்சம் முறை தாங்கும், நாலு பிட் செல்லில் அது ஆயிரம் முறை என்ற அளவுக்கு வந்துவிட்டது. சாதாரணமாகக் கணினி பயன்படுத்துகிறவருக்கு அந்த ஆயிரமே தாராளம், பயப்பட வேண்டாம். விலையைக் குறைக்கும் இந்தக் கருவியை ஏறக்குறைய முழுதும் பயன்படுத்தித் தீர்த்துவிட்டோம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க் 1956லிருந்து இருக்கும் பழைய சரக்குதானே, அதில் இனி முன்னேற என்ன மிச்சம் இருக்கிறது?

பதில்: முதல் ஹார்ட் டிஸ்க்கான அந்த 1956 ஐபிஎம் ராமாக்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன, மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து, எடை ஏறக்குறைய ஒரு டன். அதே தத்துவத்தில் இன்று கைக்குள் அடங்கும் பெட்டியில் 30 டிபி. பழையது என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் இருக்கும் பொறியியல் அவ்வளவு நுட்பமானது. ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் கிரூன்பெர்க் இருவரும் 1988இல் கண்டறிந்த மாபெரும் காந்தத்தடை விளைவு (காந்தப்புலம் மாறும்போது மின்தடை பெரிதாக மாறுவது) பத்தே ஆண்டுக்குள் ஹார்ட் டிஸ்க் ஹெட்டில் ஏறியது, 2007இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் தேக்கம் வந்தது உண்மை. ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் சீகேட்டில் இருந்த மார்க் க்ரைடர், ஹார்ட் டிஸ்க் ஆண்டுக்கு 40 சதவீத வேகத்தில் வளர்ந்தால் 2020இல் இரண்டே தட்டுள்ள சின்ன டிஸ்க் பத்து டிபியையும் தாண்டும், விலை 40 டாலர் அளவில் இருக்கும் என்று 2009இல் கணக்கிட்டுக் காட்டினார். அப்படி நடக்கவில்லை. காந்தத் துகளைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அறை வெப்பமே அதைப் புரட்டிப்போட்டுத் தரவை அழித்துவிடும். புரளாத கடினமான உலோகக் கலவையைப் போட்டால் ஹெட்டின் காந்தப்புலத்தால் அதில் எழுத முடியாது. இந்த இடுக்கில் பல ஆண்டுகள் மாட்டிக்கொண்டார்கள். காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்துத் தட்டுகளை நெருக்கினார்கள், கூரை ஓடு போலத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி எழுதினார்கள். இதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது.

இப்போது கிடைத்திருக்கும் வழி லேசர். எழுத வேண்டிய புள்ளியை மட்டும் ஒரு நானோ நொடி அளவுக்கு 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதன் காந்தப் பிடிவாதம் தளர்ந்திருக்கும்போதே எழுதி, உடனே ஆறவிடுவது. தட்டின் மேல் இரும்பும் பிளாட்டினமும் கலந்த படலம். சீகேட் இதை 2024 ஜனவரியில் 30 டிபி டிஸ்க்காக அறிவித்தது, ஒரு தட்டில் 3 டிபி. ஒரு தட்டில் 4, 5 டிபி என்று போனால், மோட்டாரும் பெட்டியும் தட்டுகளின் எண்ணிக்கையும் மாறாமலே கொள்ளளவு கூடும். அதாவது ஒரு டிபியின் விலை மறுபடி குறையத் தொடங்கும். எஸ்எஸ்டி துரத்திக்கொண்டு வரும்போது ஹார்ட் டிஸ்க் நின்ற இடத்திலேயே நிற்கும் என்று எண்ணிப் போட்ட கணக்குகள் தப்பாகப் போவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: 1 டிபி வாங்கினேன், கணினியில் 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கும் ஒரே கணக்குதான், விலை ஒப்பீடு மாறாது.

கேள்வி: சில வருடம் முன்பு பார்த்ததைவிட இப்போது எஸ்எஸ்டி விலை அதிகமாக இருக்கிறது. தொழில்நுட்பம் வளர்ந்தால் விலை குறைய வேண்டாமா? காத்திருக்கவா, வாங்கிவிடவா?

பதில்: உற்பத்திச் செலவு மெதுவாகக் குறைந்துகொண்டே வருகிறது, விற்பனை விலை அந்தக் கோட்டின் மேலும் கீழும் அலை போல ஆடுகிறது. ஃப்ளாஷ் சிப் தொழிற்சாலை ஒன்று கட்ட ஆயிரம் கோடி டாலர் வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகும். விலை நன்றாக இருக்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டுவார்கள், கட்டி முடிக்கும்போது சரக்கு குவியும், விலை சரியும், நஷ்டத்தில் உற்பத்தியைக் குறைப்பார்கள், அப்புறம் தட்டுப்பாடு. 2023 நடுவில் எஸ்எஸ்டி அவ்வளவு மலிவாகக் கிடைத்தது தொழில்நுட்பச் சாதனை மட்டுமில்லை, தயாரிப்பாளர்கள் செலவுக்கும் கீழே விற்றுக்கொண்டிருந்தார்கள். சாம்சங், மைக்ரான், எஸ்கே ஹைனிக்ஸ், கியாக்ஸியா எல்லோருமே உற்பத்தியைக் குறைத்தார்கள், விலை திரும்பியது. 2025 பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சிப்புகளை மொத்தமாக வாங்கத் தொடங்கியதும் இன்னும் ஏறியது. பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கும் அப்போது தட்டுப்பாடுதான். ஹார்ட் டிஸ்க்குக்கு இப்படி அதிர்ச்சி வருவது புதிதில்லை, 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது விலை சில வாரங்களிலேயே கடுமையாக ஏறி, பழைய நிலைக்குத் திரும்ப நெடுநாள் ஆனது.

ஆகவே தேவை இருந்தால் வாங்கிவிடுங்கள். அலை எப்போது திரும்பும் என்று கணித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், பழுதாகிக்கொண்டிருக்கும் உங்கள் பழைய டிஸ்க் காத்திருக்காது. தேவை இல்லையென்றால் "எதிர்காலத்துக்கு உதவும்" என்று பெரிய கொள்ளளவாக இப்போதே வாங்கி வைக்காதீர்கள். சேமிப்பிடத்தை மட்டும் நிரம்பப்போகும் சமயத்தில் வாங்குவதே பெரும்பாலும் நல்லது என்று நினைக்கிறேன்.

கேள்வி: 2028க்குப் பிறகு புதிய ஹார்ட் டிஸ்க்கே விற்காது என்று ஒரு நிறுவன அதிகாரி சொன்னதாகப் படித்தேன். நம்பலாமா?

பதில்: 2023இல் அப்படிச் சொன்னவர் பியூர் ஸ்டோரேஜ் நிறுவன அதிகாரி. அவர்கள் விற்பதே ஃப்ளாஷ் சேமிப்பு. அவர் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தரவு மையத்தில் பெட்டியின் விலை மட்டும் செலவில்லை, மின்சாரம், குளிரூட்டல், இடம், பழுதானதை மாற்ற ஆள் என்று எல்லாம் சேரும். எஸ்எஸ்டி தயாரிக்கும் சோலிடைம் நிறுவனம் 2024 நவம்பரில் 122 டிபி எஸ்எஸ்டியை அறிவித்தது, அந்த ஒன்று 30 டிபி ஹார்ட் டிஸ்க் நாலுக்குச் சமம். அப்புறம் ஹார்ட் டிஸ்க் பெரிதாகப் பெரிதாக ஒரு பிரச்சினை முற்றுகிறது: கொள்ளளவு கூடுகிற அளவுக்கு வேகம் கூடவில்லை. 30 டிபி டிஸ்க்கை முழுவதும் படித்து முடிக்க, நொடிக்கு 270 எம்பி என்று வைத்தாலும் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்று செத்து, அதன் தரவை இன்னொன்றில் மீட்டுக் கட்ட வேண்டிய நேரத்தில் இது வயிற்றைக் கலக்கும் விஷயம்.

ஆனாலும் 2028ஐ நான் நம்பவில்லை. தரவு மையங்களில் உள்ள தரவின் பெரும்பகுதி இன்றும் ஹார்ட் டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதையெல்லாம் ஃப்ளாஷுக்கு மாற்ற வேண்டுமானால் அதற்கான தொழிற்சாலைகளை யாராவது கட்ட வேண்டும், லாபம் நிச்சயமில்லாத ஒரு சந்தையில் அவ்வளவு பணத்தைப் போட வேண்டும். சிப் தயாரிப்பவர்கள் அந்தப் பணத்தை, கைமேல் லாபம் தரும் வேறு நினைவகச் சிப்புகளில்தான் போட விரும்புவார்கள். காந்த நாடாவைப் பாருங்கள், அது ஒழிந்துவிட்டது என்று எத்தனை முறை எழுதியிருக்கிறார்கள்! 2021இல் வந்த எல்டிஓ-9 நாடா ஒன்றில் 18 டிபி கொள்கிறது. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் துகள் மோதல் தரவை இன்றும் நாடாவில்தான் காத்துவைக்கிறது. ஹார்ட் டிஸ்க்கும் அந்த மாதிரி வீட்டு மேசையிலிருந்து மறைந்து, நம் கண்ணில் படாத கட்டடங்களில் நெடுநாள் ஓடிக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: குடும்பப் படங்கள், வீடியோ எல்லாம் சேர்ந்து 3 டிபி இருக்கிறது. பேக்கப் எடுக்க எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா?

பதில்: ஹார்ட் டிஸ்க். முடிந்தால் இரண்டு. 4 டிபி எஸ்எஸ்டி ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்கலாம். பேக்கப்புக்கு வேகம் தேவையில்லை, இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ளாஷ் செல்லில் தரவு என்பது அடைபட்ட மின்னூட்டம், மின்சாரமே கொடுக்காமல் வைத்திருந்தால் அது மெல்லக் கசியும். ஜெடெக் என்ற தர அமைப்பின் விதி, எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரியில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தரவைத் தாங்கினால் போதும் என்கிறது. புதிய எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு தாங்கும், அதனால் பதற வேண்டாம். ஆனால் அலமாரியில் வைத்துவிட்டு ஐந்தாறு வருடம் மறந்துவிடுகிற வேலைக்கு அதை நம்பி வைக்கமாட்டேன்.

ஹார்ட் டிஸ்க்குக்கு எதிரி அதிர்ச்சி. ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் ஒன்று என் கை பட்டு மேசையிலிருந்து விழுந்தது, உயரம் மூன்றடிகூட இல்லை. உள்ளே கிர்ரென்ற சத்தம், அவ்வளவுதான், மூன்று வருடப் படங்கள் போய்விட்டன. அதில் ஒரு பகுதி இன்னொரு டிஸ்க்கில் இருந்ததால் மட்டும் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியை விடாமல் கடைப்பிடிக்கிறேன். நீங்களும் அன்றாடம் வேலை செய்யும் பிரதியை எஸ்எஸ்டியிலும், பேக்கப் இரண்டை ஹார்ட் டிஸ்க்கிலும் வையுங்கள்.

கேள்வி: இணையத்தில் 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி ஒன்று, 1 டிபி விலையைவிடக் குறைவாக விற்கிறார்கள். புதிய தொழில்நுட்பமா?

பதில்: போலி. வாங்காதீர்கள். உள்ளே பெரும்பாலும் 64 ஜிபி, 128 ஜிபி மெமரி கார்டு ஒன்றைச் செருகி, கணினிக்கு 16 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும் புதிய கோப்பு பழைய கோப்பின் மேல் ஏறி எழுதும், கோப்பின் பெயர் மட்டும் பத்திரமாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. சிப்பின் விலை என்ன என்று முதல் பதிலில் பார்த்தோமே, 16 டிபி அளவு சிப்பை அந்த விலைக்கு யாராலும் தர முடியாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதில் எதையும் நம்பி வைக்கும் முன்பு எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்-டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். அது முழு இடத்தையும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.